திறந்துவிடுவது தீர்வாகாது

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் எழுதியவற்றை ஓர் இணையத்தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களின் வெள்ளம், புயல், இடப்பெயர்வு பற்றிய குறிப்புகள் அவை. அவற்றுட் பலவற்றுக்கு அச்சுப் பிரதி இன்று என்னிடமும் இல்லை. அண்மையில் ஒரு காலை, அத்தனை பக்கங்களும் '403' என்ற தடை அறிவிப்பையே காட்டின. கோப்புகள் அழியவில்லை, அவற்றின் அனுமதிதான் மாறியிருந்தது.

யுனிக்ஸ் வழிவந்த வழங்கிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூன்று தரப்பினருக்கும் தனித்தனி அனுமதி உண்டு. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. ஆகவே 644 என்றால், உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும். என் கோப்புகளோ 600 ஆகியிருந்தன. பக்கங்களை வாசகருக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருளால்கூட அவற்றைப் படிக்க இயலவில்லை.

"எல்லாவற்றையும் 777 ஆக்கிவிடுங்கள் அண்ணன், பிரச்சினை முடிந்தது" என்றார் ஒரு நண்பர். ஆக்கினேன். தளம் திறந்தது. மறுநாட் காலை மீண்டும் மூடிக்கொண்டது.

வாவிக்கரையில் பிறந்தவனுக்கு இது அப்போதே உறைத்திருக்க வேண்டும். மாரியில் வயல்கள் மூழ்கினால் முகத்துவாரத்தை வெட்டிவிடும்படி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் வெள்ளம் வடியும். பின்னர் உவர்நீரும் உள்ளே வரும், மீன்வளமும் மாறும். அதனாற்றான் நினைத்தவர் நினைத்தபோது வெட்டுவதில்லை. கூடிப் பேசியே முடிவெடுக்கிறார்கள். 777 என்பதோ எவரிடமும் கேளாமல் முகத்துவாரத்தை வெட்டுவது. அந்த வழங்கியில் கணக்குள்ள எவரும் நம் கோப்பைத் திருத்தலாம்.

இது வெறும் அச்சமன்று. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் நெட்வொர்க் சொலூஷன்ஸ் வழங்கிகளிலிருந்த வேர்ட்பிரஸ் தளங்கள் பல தாக்கப்பட்டன. தரவுத்தளக் கடவுச்சொல் அடங்கிய கோப்பைப் பிறரும் படிக்கக்கூடியதாக இருந்ததே அதற்கு வழிவிட்டது. படிக்கும் அனுமதியே இவ்வளவு செய்யுமாயின், எழுதும் அனுமதி என்ன செய்யாது?

பிறகுதான், முதலிற் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: மாற்றியது யார்? எப்போது? கோப்பின் உள்ளடக்கம் மாறிய நேரம் வேறு, அனுமதி மாறிய நேரம் வேறு. 'ஸ்டாட்' என்ற கட்டளை இரண்டையும் காட்டும். உள்ளடக்கம் மாறவில்லை. அனுமதி மாறியது அதிகாலை 2 மணிக்கு. அந்நேரத்தில் தானாக இயங்கும் நிரல் எதுவெனப் பார்த்தபோது விடை கிடைத்தது. முதன்மைப் பிரதியைத் தளத்துக்கு நகலெடுக்கும் நிரல், அனுமதிகளையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறது. அப்பிரதியைப் பாதுகாப்புக் கருதி 600 ஆக்கியவர் யார்? நானேதான், முதல்நாள் மாலையில்!

அந்நியர் எவராவது நுழைந்தாரோ என்று இரண்டு நாள் ஐயுற்றவன் நான். அந்நியர் நுழைவதற்கான வாசலைத் திறந்து வைத்தவனும் நானே. கோப்புகளை 644 ஆகவும் கோப்புறைகளை 755 ஆகவும் மாற்றினேன். முதன்மைப் பிரதியையும் அவ்வாறே திருத்தினேன்.

நம் பாடசாலைகள், கோயில்கள், சிறு பத்திரிகைகளின் தளங்களை யாரோ ஓர் இளைஞர் அமைத்துக் கொடுக்கிறார்; பின்னர் வெளிநாடு போய்விடுகிறார். எந்த நிரல் எப்போது இயங்குகிறது, எவருக்கு என்ன அனுமதி என்பதை ஒரு தாளிலாவது எழுதி வாங்கி வையுங்கள். காரணம் தெரியும்வரை எதையும் திறந்துவிடாதீர்கள்.