குடும்ப ஆவணங்களும் கைத்தொலைபேசியும்

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், சிலாவத்துறை என எங்கு நோக்கினும் வெளிநாட்டிலுள்ள உறவினருடன் பேசவும், படம் எடுக்கவும், பணம் வந்து சேர்ந்ததா எனப் பார்க்கவும் அச்சிறு கருவியே உதவுகின்றது. ஆனால், அதே கருவி ஒரு குடும்பத்தின் காணி உறுதிகளையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் காக்கும் பெட்டகமாகவும் விளங்க முடியும் என்பதில் எமது மக்கள் போதிய அக்கறை செலுத்துவதாகத் தெரியவில்லை.

ஆவணங்களை இழப்பதன் வலியை மன்னார் மக்களைப்போல அறிந்தவர்கள் இந்நாட்டில் குறைவு. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள், கைக்கெட்டிய சிலவற்றுடன் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அதே கடலின் மறுபுறமாக, போருக்கு அஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து மண்டபம் முகாமுக்கும் சென்றன. 2007 இல் முள்ளிக்குளம் மக்கள் தமது கிராமத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட டித்வா சூறாவளியின்போது மன்னார் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. துப்பாக்கிக்கு அஞ்சி ஓடினாலென்ன, வெள்ளத்துக்கு அஞ்சி ஓடினாலென்ன, அலுமாரியில் இருந்த கடதாசிகளை எடுத்துச்செல்ல அவகாசம் கிடைப்பதில்லை.

திரும்பி வருகின்றபோதே இழப்பின் முழுப் பாரமும் தெரியவருகின்றது. காணி யாருடையது என்ற கேள்விக்கு உறுதியும் அனுமதிப்பத்திரமுமே பதில் கூற வேண்டியுள்ளன. மோதல் காரணமாகத் தமது காணியை அணுக முடியாதிருந்தோருக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சியுரிமையைப் பிறர் கோருவதைத் தடுப்பதற்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அதில் கருத்திற் கொள்ளப்பட்டது. எனினும், வழக்குத் தொடர இரண்டு ஆண்டு கால அவகாசமே வழங்கப்பட்டது. கையில் ஒரு பிரதியேனும் இல்லாதவர்களுக்கு அந்த அவகாசம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்று நிலைமை வேறு. ஆவணமொன்றைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து, கூகுள் டிரைவ், வன்டிரைவ், டிரொப்பொக்ஸ் போன்ற இணையச் சேமிப்பகம் ஒன்றில் இட்டுவிட்டால், அதே கணக்கின் ஊடாக வீட்டுக் கணினியிலும் வேறொரு தொலைபேசியிலும் அது தானாகவே தோன்றும். கொழும்பிலோ கனடாவிலோ உள்ள பிள்ளையும் அதைப் பார்க்கலாம். கூகுள் நிறுவனம் 15 ஜிகாபைட் இடத்தையும், வன்டிரைவ் 5 ஜிகாபைட்டையும், டிரொப்பொக்ஸ் 2 ஜிகாபைட்டையும் இலவசமாக வழங்குகின்றன. ஒரு குடும்பத்தின் அத்தனை பத்திரங்களுக்கும் இதில் மிகச் சிறிய பங்கே போதுமானது.

எனினும், இவ்விடயத்தில் பரவலாகக் காணப்படும் ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒத்திசைவு என்பது எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையைப் பேணுவதாகும். எனவே, விளையாடும் பிள்ளை ஒரு தொலைபேசியில் அழித்த கோப்பு மற்றைய கருவிகளிலிருந்தும் மறைந்துவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாட்களுக்கே தங்கியிருக்கும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையையும் அந்நிறுவனம் 2023 டிசம்பரில் ஆரம்பித்தது. கடவுச்சொல்லை மறந்து, கணக்குடன் இணைக்கப்பட்டிருந்த தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்ட ஒருவர், தனது பத்திரங்களைத் தானே பார்க்க முடியாத நிலைக்குத் தள்ளப்படலாம்.

தனிமனிதர் மட்டுமன்றி அரசுகளும் இதில் இடறியிருக்கின்றன. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் இணையச் சேமிப்பகம் கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இணையத்திலேயே வைக்கப்பட்டிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து முடக்கப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளக் கிடைக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவிலும், 2025 செப்டெம்பரில் அரச தரவு நிலையமொன்றில் ஏற்பட்ட தீயினால் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எமக்குக் கிடைத்த பாடமும் இதுதான். ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது ஒரே நாளில் இல்லாமற் போகலாம்.

ஆகவே, முக்கியமான பத்திரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் இருப்பது நன்று. மூலப் பத்திரம் நீர் புகாத உறையில் வீட்டிலும், படப்பிரதி இணையச் சேமிப்பகத்திலும், இன்னொரு படப்பிரதி இணையத்துடன் தொடர்பற்ற பென் டிரைவில், வேறு ஊரிலுள்ள நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

படப்பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தபோதிலும், மரணசாசனம், அற்றோர்ணித் தத்துவம், அசையாச் சொத்தின் கைமாற்றம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. ஆனால், உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி, காணிப் பதிவகத்தின் பதிவு விபரம் ஆகியவை படத்தில் தெளிவாகத் தெரியுமாயின், உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெறும் வழி இலகுவாகும். எதுவுமே கையில் இல்லாதவருக்கு எங்கே தேடத் தொடங்குவது என்பதே தெரியாது.

இதில் அந்தரங்கம் பற்றிய கேள்வியும் எழுகின்றது. கொமியூனிகேசன் கடையிற் கணக்கைத் திறந்து மூடாமல் வருவதும், அடையாள அட்டையின் படத்தை வட்ஸ்அப் குழுக்களிற் பகிர்வதும் ஆபத்தானவை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோதிலும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. பிரஜைகளிடம் தரவுகளைக் கேட்பதில் அரசு காட்டும் வேகம், அவற்றைக் காப்பதிலும் இருக்க வேண்டும். கண்காணிப்பின் கீழ் நீண்டகாலம் வாழ்ந்த வடபுலத்து மக்களின் அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களும் நடமாடும் சேவைகளை நடத்தும்போது, பத்திரங்களைப் படம் பிடித்துச் சேமிக்கும் முறையையும் தமிழிற் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் பாடசாலைகளும் இதற்குக் கைகொடுக்கலாம். உயர்தர வகுப்பில் பயிலும் ஒரு மாணவிக்கு ஒரு பிற்பகலில் முடிகின்ற வேலை இது. 2005 இல் தன்னார்வலர்களால் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் இணையத்தளம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் காத்து வருகின்றது. ஒரு சமூகத்தின் நூல்களைக் காக்க முடிந்த எமக்கு, ஒவ்வொரு வீட்டினதும் பத்திரங்களைக் காப்பது இயலாததன்று.

தமிழரும் முஸ்லிம்களும் இம்மண்ணில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கரங்களால் வெளியேற்றப்பட்டவர்கள். அந்த வரலாறுகளை ஒன்றாக்கிவிட முடியாது. ஆயினும், மீண்டுவந்து தமது காணியின் முன் வெறுங்கையுடன் நின்ற அனுபவம் இரு சாராருக்கும் உரியது. அந்நிலை அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது. அடுத்த மாரிக்கு முன்னரேனும் ஒவ்வொரு குடும்பமும் இப்பணியைச் செய்து முடிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.