சரஸ்வதி படத்துக்கு முன்னால் பத்து நிமிடம்



நவராத்திரி நெருங்குகிறது. பள்ளிகளிலும் தோட்டத்துக் கோயில்களிலும் சரஸ்வதி படத்தைத் துடைத்து, மாலை போட்டு, முன்னால் புத்தகங்களை அடுக்கப்போகிறோம். கும்பிட்டுவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவோமே, அந்தப் படத்தின் முன்னால் பிள்ளைகளைப் பத்து நிமிடம் உட்காரவைப்பீர்களா என்று கேட்கத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

போன வருடம் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரோடு இருந்தேன். சுவரில் ஓவியர் ரவி வர்மாவின் சரஸ்வதி. “இந்தப் படத்தைப் பற்றி எழுதுங்க” என்றேன். வாங்கிப் பார்த்தால் எல்லாத் தாளிலும் ஒரே பாட்டு: இது சரஸ்வதி படம், சரஸ்வதி கல்விக் கடவுள், படம் மிக அழகாக இருக்கிறது. எழுதி முடிக்கும்வரை ஒருவரும் சுவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

தாளை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: “படத்துல என்ன நடக்குது?”

“வீணை வாசிக்கிறாங்க, சார்.”

“எதைப் பார்த்துச் சொல்றே?”

“ரெண்டு கை வீணையில இருக்கு. மத்த கையில ஏடு, மாலை.”

“இன்னும் என்ன தெரியுது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி சொன்னாள்: “மயில் நிக்குது. ஆனா ஆடல. பாட்டுக் கேக்குது.” எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று நான் வாய் திறக்குமுன், பக்கத்துப் பையனே அவளைக் கேட்டுவிட்டான். அவள் எழுந்துபோய் மடிந்து கிடந்த தோகையை விரலால் காட்டினாள். அதன் பிறகு அவள் எழுதியது இது: “சரஸ்வதி கோயிலுக்குள் இல்லை. வெளியே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் வீணைச் சத்தம் மயிலுக்கும் கேட்கிறது.” இந்த மூன்று வரியில் பார்த்தது இருக்கிறது, அதிலிருந்து எட்டிய முடிவும் இருக்கிறது. கலையைப் பற்றி எழுதுவதற்கு இதுவே அரிச்சுவடி.

நான் கேட்ட மூன்று கேள்விகளும் என் சொந்தச் சரக்கல்ல. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் சேர்ந்து வகுத்த முறை அது. ஆசிரியர் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்வதில்லை. பிள்ளை சொன்ன இடத்தை விரலால் சுட்டி, அதையே தெளிவான சொற்களில் திருப்பிச் சொல்கிறார். ‘எதைப் பார்த்துச் சொல்றே’ என்பதுதான் இதில் உயிர்நாடி. அந்தக் கேள்விக்குப் பழகிய பிள்ளை, ஆதாரம் இல்லாமல் கருத்துச் சொல்லத் தயங்கும்.

ஓவியம் பார்க்கக் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. 1894-இல் ரவி வர்மா மும்பையில் கல் அச்சகம் தொடங்கியபின், அதுவரை அரண்மனைகளில் இருந்த ஓவியம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தது. பின்னாளில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாள்காட்டிகளாக ஊரூராகப் போயின. லயத்து வீட்டுச் சுவரில் நாம் பார்த்து வளர்ந்த முருகனும் லட்சுமியும் அந்த வழியில் வந்தவர்கள்தாம். வருடம் முடிந்தும் கிழிக்க மனம் வராமல் ஆணியிலேயே விட்டுவைத்தோமே, அதுதான் நம் கலைக்கூடம்.

உற்றுப் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. விடியுமுன் பால்மரத்தடியில் நின்ற நம் பாட்டிமார், உளி மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவ, எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்! செம்பனை வெட்டுகிறவரிடம் கேளுங்கள். குலையின் நிறத்தையும் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தையும் பார்த்துத்தான், பழுத்துவிட்டது என்பார். அவரும் ஆதாரத்தோடுதான் பேசுகிறார். அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. அதற்குச் சொல் கொடுப்பது பெரியவர்களாகிய நம் வேலை.

அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க இரவுப் படகேறியவர்களுக்கு அது தெரியும். முதலில் வெறும் இருட்டு. கண் பழகப் பழகத்தான் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்று, பத்து, நூறு என்று தென்படும். படத்தின் முன்னாலும் அப்படித்தான். முதல் இரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் நெளிவார்கள். அவசரப்பட்டு நாம் விளக்கம் சொல்லிவிடக் கூடாது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்தப் பூசைக்கு வீட்டிலோ பள்ளியிலோ கோயிலிலோ ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அலைபேசியை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு நீங்களும் உட்காருங்கள். மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிறகு பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ‘அழகு’ என்ற சொல் மட்டும் வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாமல் எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கங்களைக் காலியாக வைத்துக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்