பழைய காரும் புதிய வள்ளலும்



நம் சங்கத்துக்குச் சொகுசுக் கார் ஒன்று நன்கொடையாக வருகிறதாம். வெளிநாட்டுக் கம்பெனிக் கார். பல ஆண்டுகள் ஓட்டி அலுத்துப்போன பெரியவர் ஒருவர் ஏழைகளுக்குத் தர முன்வந்திருக்கிறார். மேடை, மாலை, சாவி வழங்கும் புகைப்படம் என்று ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது அடுத்த பொதுக்குழுவின் முன் வருகிறது. அதற்கு முன் சில கேள்விகளை வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும்.

தாராவிச் சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது. அந்தச் சந்துக்குள் இந்தக் கார் எப்படி நுழையும்? எங்கே நிற்கும்? பெட்ரோல் யார் போடுவது? டிரைவர் சம்பளம் யார் தருவது? ஒரு கதவுப் பூட்டு கெட்டால்கூட அந்தக் கம்பெனி சாமானுக்கு அந்தக் கம்பெனி விலை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருவில் இறக்கச் சட்டம் இடம் தராது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் தகுதிச் சோதனை நடத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைப்பவர்கள் மாதாமாதம் தரும் சந்தாவிலிருந்து! இரவுப் பாடசாலைக்கும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பும் நிதிக்கும் வைத்த காசிலிருந்து!

“ஆபத்துக்கு நோயாளியை ஏற்றிச் செல்லலாமே” என்கிறார்கள் சிலர். மகாராஷ்டிரத்தில் 2014 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. அது நம் பகுதிக்கு நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, அதற்காகப் போராடுவோம். “சீட்டைக் கழற்றி நாமே ஆம்புலன்ஸ் ஆக்கலாம்” என்கிறார் ஒருவர். பதிவு அதிகாரியின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்ற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விடாது. “வாடகைக்கு விடலாம்” என்றால், பெர்மிட் இல்லாத சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது குற்றம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்லி நம் வாயை அடைப்பார்கள். பல்லைப் பார்க்க வேண்டாம். வைக்கோல் யார் போடுவது என்றாவது கேட்கலாம் அல்லவா? குட்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு இது விளங்கும். வந்த சரக்கைக் கெடுவுக்குள் எடுத்துப் போகாவிட்டால் வார்ஃபேஜ் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கார் வந்து நிற்கும் நாள் முதல் நமக்கு ஏறப்போவதும் அதுதான்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று மேடையில் பேசுவார்கள். பாரி கொடுத்தது தான் ஏறிவந்த தேரை. அலுத்துப்போய்க் கொட்டிலில் கிடந்ததை அல்ல. முல்லைக்குத் தேவைப்பட்டது படரக் கொழுகொம்பு. தேர் அதற்கு உதவியது. நமக்குத் தேவை எது என்று இந்த வள்ளல் கேட்டாரா?

கார் கொடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. இதே ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 1964 டிசம்பரில், அன்றைய பம்பாயில் நடந்த அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்குப் போப் ஆறாம் பவுல் வந்தார். அவர் பயன்படுத்திய லிங்கன் காண்டினென்டல் காரை, திரும்பும்போது அன்னை தெரசாவுக்குக் கொடுத்தார். அம்மையார் அந்தக் காரை வைத்துக்கொள்ளவில்லை. பரிசுச் சீட்டு நடத்தி அதைப் பணமாக்கினார். அந்தப் பணம் வங்காளத்தில் அசன்சோல் பக்கம் தொழுநோயாளருக்கான சாந்தி நகருக்குப் போயிற்று. சொகுசுக் காரால் ஏழைக்குப் பயன் வரும் வழி இதுதான்: கார் போக வேண்டும், பணம் வர வேண்டும்.

பழைய காரைத் தர்மத்துக்குத் தரும் வழக்கம் பரவலாக உள்ள நாடு அமெரிக்கா. மதிப்பை ஏற்றிச் சொல்லி வரியைக் குறைத்துக்கொண்டோர் அங்கே உண்டு. அதனால் 2004இல் சட்டம் திருத்தினார்கள். 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அமைப்பு அந்தக் காரை விற்றுப் பெற்ற தொகைக்குத்தான் பொதுவாகக் கழிவு. நம் நாட்டு வருமான வரிச் சட்டத்திலோ, பொருளாகத் தந்த நன்கொடைக்குக் கழிவே கிடையாது, ரொக்கமாக ரூ.2,000க்கு மேல் தந்தாலும் இல்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் காசோலையாகத் தந்தால் கழிவு கேட்க இடமுண்டு. ஆக, விற்றுப் பணமாகத் தருவது கொடுப்பவருக்கும் நல்லது.

இன்னொன்று. சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றாமல் விட்டால், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பெயரை மாற்றி நாம் வாங்கினால் அந்தப் பொறுப்பு சங்கத்தின் தலையில். புகைப்படத்தில் இதெல்லாம் தெரியாது.

ரயில்வேயிலே கழித்த வண்டியை ஏலம் விட்டுப் பணத்தைக் கணக்கில் வைப்பார்கள். ஏழைக்குத் தானம் என்று மாலை போடமாட்டார்கள். அந்த நேர்மையைத்தான் கேட்கிறோம்.

ஆகவே பொதுக்குழு உறுப்பினர்களே, இப்படித் தீர்மானம் போடுங்கள்: பெரியவரின் நல்லெண்ணத்துக்கு நன்றி. காரை அவரே விற்று, பெயர் மாற்றத்தையும் அவரே முடித்து, கிடைக்கும் தொகையைச் சங்கத்தின் பெயரில் காசோலையாகத் தரட்டும். அந்தத் தொகை இரவுப் பாடசாலைக்கும் ஈமநிதிக்கும் போகட்டும். வரவு செலவை இதே ஏட்டில் பைசா குறையாமல் அச்சிடுவோம்.

சம்மதித்தால் அவருக்கு மாலையை நாமே வாங்குவோம். சம்மதிக்காவிட்டால் கார் அவர் வாசலிலேயே நிற்கட்டும். நம் சந்தா நம் பிள்ளைகளுக்கே இருக்கட்டும்!