அக்கி: தடுப்பூசிக்கு விலை உண்டு, முதல் மூன்று நாளுக்கு இல்லை

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள், 2025 செப்டம்பர் 1 முதல் அக்கித் தடுப்பூசியை அரசாங்க மானியத்துடன் போட்டுக்கொள்ளலாம். தேசியப் பெரியோர் தடுப்பூசி அட்டவணையில் ‘ஷிங்ரிக்ஸ்’ ஊசி சேர்க்கப்பட்டதே காரணம். மலேசியாவிலோ பெரும்பாலோர் அதே ஊசியைத் தனியார் கிளினிக்கில் சொந்தச் செலவில்தான் போட வேண்டியுள்ளது. ஒன்றல்ல, இரண்டு ஊசி. பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு முதியவருக்கு அது சிறிய தொகை அல்ல.

அக்கி புதிதாக வந்து ஒட்டும் நோயன்று. சிறுவயதில் சின்னம்மை கண்டு, வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால், ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கிறது. வயது ஏறி எதிர்ப்புச் சக்தி இறங்கும்போது, ஏதேனும் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. கொப்புளங்கள் உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டைபோல் கிளம்புவது அதனால்தான். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

தமிழர்கள் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். சீனர்கள் இதைப் பாம்பு என்பார்கள். தலையும் வாலும் சந்தித்தால் உயிர் போகும் என்று அஞ்சுவோரும் உண்டு. மலாய்க்காரர்களிடம் ‘காயாப்’ என்ற பெயரும் கைவைத்தியமும் இருக்கின்றன. கொப்புளம் சில வாரங்களில் தானே காய்ந்துவிடும் என்பதால், எந்த வைத்தியமும் பலித்ததாகவே தோன்றும்.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. ‘அசைக்ளோவிர்’ போன்ற மாத்திரைகள், கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்யும். நாள் தள்ளிப்போனால், தோல் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். சட்டை உரசினாலே சுருக்கென்று எரியும் வலி அது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்பார்வைக்கே ஆபத்து; அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசியின் பயன் தோலோடு நிற்காமல் போகலாம் என்பது புதிய செய்தி. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், பிறந்த தேதியை வைத்தே அக்கித் தடுப்பூசிக்கான தகுதி முடிவானது. 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு ஊசி இல்லை. அன்றும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு உண்டு. ஏறத்தாழ ஒரே வயதுடைய இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்ட ஆய்வு, 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஊசி போட்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் மறதிநோய் சுமார் 20 விழுக்காடு குறைவு. அங்கு போட்டது பழைய வகை ஊசி. ஆகவே ஷிங்ரிக்ஸ் மறதியைத் தடுக்கும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், மானியம் கேட்பதற்கு இது இன்னொரு நியாயம்.

அந்த மானியம் வரும்வரை, வீட்டிலுள்ள பெரியவர் ‘ஒரு பக்கம் எரியுது’ என்று சொன்ன அன்றே அவரை கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். காவி பூசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.