லாபத்தில் பங்கு, நஷ்டத்தில் கைவிரிப்பு!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வியாபாரிக்கு பிட்காயின் விற்றதில் 1 லட்சம் லாபம். அதே வருடம் ஈதர் விற்றதில் 1 லட்சம் நஷ்டம். கையில் மிஞ்சியது? பூஜ்யம். கட்ட வேண்டிய வரி? 30,000 ரூபாய், அதற்கு மேல் செஸ் வேறு!

தமாஷ் இல்லை. இந்தியாவில் 2022 பட்ஜெட்டில் வந்த சட்டம் இது. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. போதாக்குறைக்கு விற்கும் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தம், நஷ்டத்துக்கு விற்றாலும்! பிறகு வரியில் வரவு வைத்துக்கொள்ளலாம்தான். அதுவரை முடங்குவது யாருடைய முதல்?

"சூதாட்டம்தானே, படட்டும்" என்பார்கள். பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கூட அதன் நஷ்டத்தை 4 வருடம் வரை கொண்டுபோய், அதே குதிரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். குதிரைக்குக் கிடைத்த நியாயம் காயினுக்கு ஏன் இல்லை?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021-22 நிதியாண்டு முதல் கம்பெனிகள் தங்கள் கிரிப்டோ இருப்பையும் அதில் வந்த லாப நஷ்டத்தையும் நிதி அறிக்கையில் காட்டியே ஆகவேண்டும். நஷ்டத்தை மறைக்காமல் எழுது என்கிறது கம்பெனிச் சட்டம். எழுதிய நஷ்டத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது வரிச் சட்டம்!

30 சதவீதம் கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் நிகர லாபத்தில் கேட்கட்டும். இல்லாத வருமானத்துக்கு வரி கேட்பதற்குப் பெயர் வரி அல்ல, அபராதம்.