நூலின் உரிமையும் வாசகரின் உரிமையும்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

நூலகத்தையும் கருத்துரிமையையும் இணைத்துப் பேசும் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தே தொடங்குகின்றன. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2011இல் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக வந்த அறிவிப்பும், அதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் விதித்த தடையும் அடுத்ததாகச் சுட்டப்படுவன. இவை நினைவில் நிறுத்தப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டிலும் தாக்குதலுக்கு உள்ளானவை நூலும் கட்டடமுமே. நூல் எரியாமல், கட்டடம் பூட்டப்படாமல், வாசகர் மட்டும் வெளியே நிற்கும் நிலை தமிழ் ஆய்வுலகின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை.

அந்நிலையை ஆராயத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டியைவிடப் பொருத்தமான களம் அரிது. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வட்டாரத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சிப்காட் வளாகத்தின் எஃகு உருக்காலைகளிலும் பிற தொழிற்கூடங்களிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். மாநிலத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களுள் ஒன்றும் இங்கேயே உள்ளது. இருளர் குடியிருப்புகள் மாவட்டமெங்கும் பரவியுள்ளன. ஒரு கிளை நூலகம் தன் வாசகர் யார் எனத் தன்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தால், இங்கு விடை எளிதாகக் கிடைக்காது.

சட்டத்தின் நோக்கில் விடை எளிது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அதன் பின்னணியில் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என வலியுறுத்துவது. மொழி, பிறப்பிடம், சொத்து ஆகிய எந்த நிபந்தனையும் அவ்விதியில் இல்லை. ஆனால் சட்டம் நூலகத்துக்கான வருவாயைச் சொத்துவரியின் மீதான நூலக வரியோடு பிணைத்தது. நிலையான வருவாய்க்கு இது நல்ல ஏற்பாடே. அதன் பக்கவிளைவு வேறு. சொத்துள்ளவரே வரி செலுத்துபவர் என்றும், வரி செலுத்துபவரே நூலகத்துக்கு உரியவர் என்றும் ஒரு மனப்பழக்கம் மெல்ல உருவாயிற்று. இக்கருத்து பொருளியல் அளவிலும் பிழையானது. பாப்பன்குப்பத்தில் ஓர் அறையை நால்வராகப் பகிர்ந்து வாழும் ஒடியத் தொழிலாளர் தரும் வாடகையில் அவ்வீட்டின் வரியும் அடக்கம். அதன்வழி நூலக வரியும் அடக்கம். உறுப்பினர் படிவம் கேட்கும் உள்ளூர் முகவரிச் சான்றுதான் அவரிடம் இல்லை.

அமெரிக்க வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்க நூலகச் சங்கம் நூலக உரிமைப் பட்டயத்தை 1939இல் ஏற்றது. அப்பட்டயத்தின் முதன்மைக் கவலை நூல்தேர்வில் தணிக்கை கூடாது என்பது. அதே காலத்தில் தென்மாநிலங்களின் பல நூலகங்களில் கறுப்பினத்தவர் நுழைய முடியவில்லை. 1961 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட பொது நூலகத்துள் சென்று அமர்ந்து படித்த ஒன்பது கறுப்பின மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். இனம், சமயம், தேசியப் பிறப்பு ஆகியவற்றைக் காட்டி நூலகப் பயன்பாட்டை மறுக்கக் கூடாது என்னும் கூறு பட்டயத்தில் சேர்ந்தது அவ்வாண்டில்தான். நூலின் விடுதலைக்கும் வாசகரின் விடுதலைக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. தமிழகத்தில் சட்டம் எவரையும் விலக்கவில்லை. விலக்குவன படிவமும் நேரமும் நூற்பட்டியலுமே. அதனாலேயே இங்குப் போராட்டத்துக்குரிய வாசல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இவற்றுள் நூற்பட்டியலே சிந்தனை உரிமையோடு நேரடித் தொடர்புடையது. பதிப்பாளர்கள் 'நூலக ஆணை' எனக் குறிப்பிடும் முறையில், தலைநகரில் தேர்வு செய்யப்படும் நூல்கள் மாநிலமெங்குமுள்ள நூலகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. எந்நூல் தேர்வாயிற்று, எது விடுபட்டது என்பது குறித்துத் தமிழ் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் பெரும்பாலும் எழுதுவோர், அச்சிடுவோர் தரப்பிலிருந்தே எழுகிறது. மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்ட 1931ஆம் ஆண்டின் உணர்வு நேர்மாறானது. ஊருக்கு நூல் தேடிச் செல்லவேண்டும் என்பதே அதன் அடிப்படை. கும்மிடிப்பூண்டிக்கும் கும்பகோணத்துக்கும் ஒரே பட்டியல் போதும் எனக் கருதுவது நிர்வாகத்துக்கு வசதி, வாசகருக்கு அன்று.

தமிழர் வரிப்பணத்தில் ஒடிய நூலும் இந்தி நூலும் வாங்குவதா என்னும் வினா எழக்கூடும். இந்தித் திணிப்பை எதிர்த்த வரலாறுடைய மாநிலத்தில் அது இயல்பான வினாவே. எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஆனால் அவ்வெதிர்ப்பு தாய்மொழியில் கற்கும் உரிமையின்மேல் எழுந்தது. தொழிலாளர் தாமே விரும்பி எடுக்கும் நூல் எவர்மீதும் திணிக்கப்படுவதன்று. மேலும், டொராண்டோ பொது நூலகம் அந்நகர மக்களின் வரிப்பணத்தில் தமிழ் நூல்களை வாங்கி வைத்திருக்கிறது. அங்குக் குடியேறிய ஈழத்தமிழர் அவற்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்கின்றனர். சிங்கப்பூரின் பொது நூலகங்களிலும் தமிழுக்கு இடமுண்டு. அயலில் பெறுவதை நியாயம் என்றும் அகத்தில் தருவதைச் சலுகை என்றும் கொள்வது முரண்.

முகாம்வாழ் மக்களின் நிலை இதனினும் நுட்பமானது. அவர்களுக்கு மொழித்தடை இல்லை. 2021இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது வரவேற்புக்குரியது. ஆயினும் முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறை தன் முன்னோர் நிலத்தின் எழுத்தை எங்குப் படிக்கும்? ஈழத்து இதழ்களும் சிறு பதிப்பக நூல்களும் பொது நூலகத்துக்கு வந்துசேரும் வழி குறுகியது. 2005 முதல் இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகம் ஆயிரக்கணக்கான ஈழத்து ஆவணங்களைத் திறந்த அணுக்கத்தில் வழங்குகிறது. எரிந்த நூலகத்தின் இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் இம்முயற்சியை முகாமுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்தின் ஒரு கணினியில் அறிமுகப்படுத்தப் பெருஞ்செலவு ஆகாது.

செய்யத்தக்கன பல, சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமலேயே இயலும். ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்தைத் திறந்து வெள்ளியன்று விடுமுறை விடும் வழக்கம் முன்னோடிகளின் நல்ல முடிவு. பன்னிரண்டு மணிநேர முறைப்பணி நடக்கும் இடத்தில் அது இரவு ஒன்பது மணிவரை நீள வேண்டும். முகாம் அடையாள அட்டையும் தொழிற்சாலை அடையாள அட்டையும் உறுப்பினர் சேர்க்கைக்குப் போதுமானவையாக ஏற்கப்பட வேண்டும். கொள்முதல் தொகையில் ஒரு பங்கை மாவட்ட நூலக ஆணைக்குழு தன் வட்டாரத் தேவைக்கேற்பச் செலவிட உரிமை வேண்டும். அத்தேவை யாதென அறிய, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் வாசிப்பு ஆய்வுகள் நகர வாசகரைவிட்டுச் சற்று நகர்ந்து, முறைப்பணி முடிந்து தொழிலாளர் வெளியேறும் வேளையில் சிப்காட் சாலையில் தொடங்கலாம்.