வாடகைக் காரில் ஏறுமுன்

ஆவணி பிறந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் திருமண அழைப்புகள் குவியத் தொடங்கும். மும்பையிலிருந்து புனேவுக்கும் நாசிக்குக்கும் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு வண்டி பேசிக்கொண்டு புறப்படுவதும் வழக்கமே. பேசும்போது நாம் கேட்பவை யாவை? கிலோ மீட்டருக்கு என்ன வாடகை, ஏ.சி. உண்டா, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு என்பன மட்டுமே. வண்டி எத்தகையது என்று கேட்பவர் மிகச் சிலர். சென்ற ஆண்டு வரை எங்கள் இல்லத்திலும் ஒருவரும் கேட்டதில்லை என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற ஆவணியில் நாசிக்கில் உறவினர் வீட்டுத் திருமணம். காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். நெடுநாள் பழகிய ஏஜெண்டு ஒருவர், "தெரிந்தவர் வண்டி, மற்றவர்களைவிட இரண்டாயிரம் குறைவு" என்று கூறி முன்பணமும் பெற்றுக்கொண்டார். விடியற்காலை நான்கு மணிக்குச் செம்பூரில் எங்கள் வாசலில் வந்து நின்றது வெள்ளை நம்பர் பலகை வண்டி. அதன் பொருளை நாங்கள் அப்போது அறியோம். தாணேயில் சி.என்.ஜி. நிரப்ப நிறுத்தினார் டிரைவர். காஸ் நிரப்பும்போது பயணிகள் கீழே இறங்கி நிற்க வேண்டுமாதலால் தூறலில் நின்றோம். அப்போதுதான் பின்சக்கரம் கண்ணில் பட்டது. டயர் தேய்ந்த அம்மிக்கல்லைப் போல் வழவழவென்றிருந்தது. சுட்டிக்காட்டினோம். "அது ஒன்றும் செய்யாது சார். வழியில் போலீஸ் கேட்டால் மட்டும் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்.

எழுபத்தாறு வயதான எங்கள் பெரியம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்குப் பொய் சொல்லிக்கொண்டா போவது? நான் ஏறமாட்டேன்" என்று தம் பையை இறக்கி வைத்துவிட்டார். எவ்வளவு மன்றாடியும் பயனில்லை. வேறு வண்டி கிடைக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. நாங்கள் மண்டபத்தை அடைந்தபோது தாலி ஏறியிருந்தது. அன்று அவர்மீது எங்களுக்கு மூண்ட சினம் தணிய ஒரு வாரம் பிடித்தது. பின்னர் இன்ஷூரன்ஸ் விவரங்களை விசாரித்தறிந்தபோதுதான் அவர் எங்களை எதிலிருந்து தடுத்தார் என்பது விளங்கிற்று.

வெள்ளைப் பலகையில் கறுப்பெழுத்து இருப்பின் அது சொந்த உபயோகத்திற்கான கார். நம் ஊர்ப்பக்கம் 'ஓன் போர்டு' என்பார்கள். மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து, வாடகைக்கு ஓட்ட பர்மிட் பெற்ற 'டி போர்டு' வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடப்படுவது. மின்சார வண்டிக்குப் பலகை பச்சை. வாடகை வண்டியாயின் எழுத்து மஞ்சள். சொந்தக் காருக்கென எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், நிபந்தனை மீறப்பட்டது என்று கம்பெனி மறுத்துரைக்க 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு இடந்தருகிறது. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் ஆணையிடுவதும் உண்டு. ஆயினும் அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். மருத்துவமனை அதுவரை காத்திராது. போலீசாரிடம் உறவினர் என்று சொன்னவர்களோ, பின்னர் உண்மையைச் சொன்னால் பாலிசி போயிற்று, பொய்யையே தொடர்ந்தால் கோர்ட்டிலும் பொய் என்னும் இக்கட்டில் சிக்குவர்.

ஆதலின் வண்டி பேசிய அன்றே நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அரசாங்கத்தின் எம்-பரிவாஹன் செயலியில் அதனை இட்டால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் ஆகியவை எந்நாள் வரை செல்லும் என்பது தெரியும். வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புறப்படும் நாளை மட்டும் பார்த்தல் போதாது, திரும்பும் நாளையும் பாருங்கள். டாக்சிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்கப்பட வேண்டும், அது காலாவதியான வண்டியின் பதிவே செல்லத்தக்கதாகக் கருதப்படமாட்டாது. பாலிசியின் நகலையும் கேளுங்கள். பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிக்குரியதா, எத்தனை பேருக்கு என்று அதில் இருக்கும். காட்டத் தயங்குபவரிடம் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

வண்டியையும் ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பதில் தவறில்லை; டிரைவர் கோபித்துக்கொள்வார் என்று நம்மவர் கூசுகிறார்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையலாகாது. பள்ளங்களுக்கு இடையே குறுக்காகச் சிறு மேடுகள் உண்டு. மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் அந்த டயர் ஆகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கசாரா மலைப்பாதையில் ஆவணி மழைக்கு வைப்பர் இன்றியமையாதது. பின்னிருக்கை பெல்ட்டுகள் சீட்டுக்கு அடியில் புதைந்திருந்தால் வெளியே எடுக்கச் செய்யுங்கள். சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு. அதன் தேதியையும் கேட்கலாம்.

நமது காரைப் பழுது பார்க்க விட்டிருக்கையில் ஒர்க்ஷாப்பார் இரவலாகத் தரும் வண்டியைப் பற்றியும் ஒரு சொல். வாடகை வாங்காதவரை வெள்ளைப் பலகை குற்றமன்று. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினால் 196-ஆம் பிரிவின்படி ஓட்டியவரும் குற்றவாளியே. முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் என்று காணும் விபத்துக் காப்பும் அவருக்கே உரியது, இரவல் வாங்கியவரைச் சேராது.

இவ்வாண்டு ஆவணியில் புனேவுக்குப் போகிறோம். மஞ்சள் பலகை வண்டி, காகிதங்களைப் பார்த்தாயிற்று. பெரியம்மா, டயரைத் தாமே பார்க்க வேண்டும் என்கிறார். அந்த ஏஜெண்டு கோவிலில் எங்களைக் காணும்போதெல்லாம் அன்புடன் கைகூப்புகிறார். முன்பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.